‘புரியவில்லை’ என்னும் தீர்ப்பு

கடந்த ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், சங்கரன்கோவிலில் நம் பங்கு இல்லக் கூடத்தில் இளைஞர் சிலரும் பெரியவர் சிலரும் கூடி ஒரு பழைய திரைப்படத்தைப் பார்த்தார்கள். கமல்ஹாசன் எழுதித் தயாரித்து, தாமே நடித்து இயக்கிய ‘ஹே ராம்’. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வெளிவந்த படம். அங்கே அமர்ந்திருந்த இளைஞருள் பாதிப் பேர் அன்று பிறந்திருக்கவே இல்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் ஆகையால், முடிந்தபோது தெருவில் ஆடித்தபசுக்கு வந்த கூட்டத்தின் ஓசை அடங்கத் தொடங்கியிருந்தது. நம் கூடத்தில்தான் ஓசை தொடங்கிற்று.

விசைத்தறிக் கூடமொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் முதலில் எழுந்தார். “ஒண்ணும் புரியல ஃபாதர்” என்றார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இதைப்போல் ஒரு படைப்பு தமிழில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று அடித்துச் சொன்னார். (படத்தின் நடுவில் அரை மணி நேரம் அவர் கண்ணயர்ந்திருந்ததை நாம் கண்டோம், ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை.) மறைக்கல்வி கற்பிக்கும் சகோதரி ஒருவருக்குக் கடுஞ்சினம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுவோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார்கள். மாட்டிய பின்னும் பேசினார்கள். இறுதியில், வழக்கம்போல, வழக்கு நம்மிடம் வந்தது. “நீங்க சொல்லுங்க சாமி, இது நல்ல படமா, கெட்ட படமா?”

நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்படிச் சொல்லும்போதே நெஞ்சில் ஏதோ தைத்தது. அந்தத் தைப்பின் கதைதான் இக்கட்டுரை.

இந்த ஊர்க் கோயிலின் தலபுராணம் நம் வாசகர் பலரும் அறிந்ததே. சங்கன், பதுமன் என்னும் நாகர் தலைவர் இருவர். ஒருவன் சிவனே பெரியவன் என்றான், மற்றவன் திருமாலே பெரியவன் என்றான். தீர்வு வேண்டி அம்மனை நாட, அவள் புன்னைவனத்தில் தவமிருந்தாள். தோன்றிய வடிவமோ ஒரு பாதி சடை, ஒரு பாதி மணிமுடி. அன்றாட வாழ்வில் எவரும் கண்டிராத உருவம் அது. அதைப் பார்த்து எந்தச் சிற்றூர்ப் பாட்டியும் புரியவில்லை என்று சொன்னதில்லை. கனவும் நனவும் கலந்த உருவங்கள் நம் மக்களுக்கு அந்நியம் என்று சொல்லுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். எசேக்கியேலின் சக்கரங்களையும், திருவெளிப்பாட்டின் ஏழு கொம்பும் ஏழு கண்ணும் உடைய ஆட்டுக்குட்டியையும் கேட்டு வளர்ந்த நாமும் அப்படிச் சொல்ல இயலாது. அப்படியிருக்க, திரையில் மட்டும் அவ்வுருவங்கள் வரும்போது நாம் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்?

அதற்கு ஒரு காரணம், வந்திருப்பவர் நடிகர் என்பது. நடிகரின் முகத்தை நாம் நமக்கு உரியதாக எண்ணிப் பழகிவிட்டோம். குழந்தையாய் ‘களத்தூர் கண்ணம்மா’வில் 1960இல் தோன்றிய நாள்முதல் தமிழர் தம் வீட்டுப் பிள்ளையாய்ப் பார்த்து வந்த முகம் அது. சிரித்தால் சிரித்தோம், அழுதால் அழுதோம். அவர் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று நாம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் நமக்கு இருந்ததில்லை. அத்தகையவர் ஒருநாள் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்து, இதோ என் கனவு, இதோ என் அச்சம் என்று திறந்து காட்டும்போது, விருந்துக்கு அழைக்கப்பட்டவர் வீட்டுக்காரரின் நோயைக் கேட்க நேர்ந்ததுபோல் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. 1997இல் இந்தியில் ‘சாச்சி 420’ என்னும் நகைச்சுவைப் படத்தை அவர் இயக்கியபோது இந்தத் தொல்லை எழவில்லை. ஏனெனில் அது விருந்து. தமிழில் இயக்குநராக அவர் பெயர் தாங்கி வந்த முதல் படமோ ‘ஹே ராம்’.

நாசர் 1995இல் தாம் இயக்கிய முதல் படமான ‘அவதார’த்தில் கூத்துக் கலைஞரின் வாழ்வை வைத்தார், அதற்கும் அது பெறவேண்டிய கூட்டம் வரவில்லை. இதற்கெல்லாம் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. சார்லஸ் லாட்டன் என்னும் புகழ்பெற்ற நடிகர் 1955இல் ‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’ என்னும் படத்தை இயக்கினார். போதகர் வேடமிட்டுத் திரியும் கொலைகாரன் ஒருவனின் கதை. ஒரு கை விரல்களில் ‘அன்பு’ என்றும், மறு கை விரல்களில் ‘வெறுப்பு’ என்றும் பச்சை குத்தியிருப்பான். தாயை இழந்த இரு குழந்தைகள் அவனுக்கு அஞ்சி இரவில் படகேறி ஆற்றோடு போக, கரையோரத்துத் தவளையும் முயலும் சிலந்தி வலையும் திரையை நிறைக்கும். கொல்லப்பட்ட தாய் ஆற்றின் அடியில் காருக்குள் அமர்ந்திருப்பாள். அவள் கூந்தல் நீர்ப்பாசியோடு சேர்ந்து அலையும். அந்நாளைய மக்கள் இதை ஏற்கவில்லை. படம் தோற்றது. லாட்டன் மறுபடியும் ஒரு படத்தை இயக்கவே இல்லை, 1962இல் இறந்துபோனார். 1992இல் அமெரிக்க நாடு அப்படத்தைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாத்தது. முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்த மரியாதை அவருக்கு எவ்வகையில் பயன்பட்டிருக்கும்? போதகர் உடையில் கயவன் வருவதை அன்றைய சபையோர் விரும்பாதிருந்திருப்பார்கள் என்பதை நாம் எளிதில் உணர்கிறோம். நமக்கே அந்த உடை இருக்கிறதல்லவா.

‘ஹே ராம்’ படத்தின் கதையை மறந்தோருக்காகச் சில வரிகள். சாகேத் ராம் தொல்லியல் ஆய்வாளர். மொகஞ்சதாரோ அகழ்வுக் குழியில் அம்ஜத் என்னும் நண்பரோடு பணிபுரிபவர். 1946 ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் வெடித்த கலவரத்தில் அவர் மனைவி அபர்ணா மானபங்கப்படுத்தப்பட்டுக் கொல்லப்படுகிறாள். ராம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கண்ணில் பட்டவரைக் கொல்கிறார். அபயங்கர் என்பவர் அவர் சினத்துக்கு ஒரு கொள்கையைக் கற்பிக்கிறார்: இத்தனைக்கும் காரணம் காந்தி. ஊருக்குத் திரும்பிய ராமுக்கு மைதிலி என்னும் பெண்ணை மணம் முடித்து வைக்கிறார்கள். ஆயினும் அவர் காந்தியைக் கொல்லத் தில்லிக்குப் போகிறார். அங்கே அம்ஜத்தைக் காண்கிறார், நண்பரின் சாவையும் காண்கிறார், மனம் மாறுகிறார். அதற்குள் 1948 சனவரி 30. கோட்சேயின் குண்டுகள் முந்திக்கொள்கின்றன. இவை யாவும் 1999 டிசம்பர் 6ஆம் நாள், சென்னையில், மற்றொரு கலவரத்தின் நடுவே சாகக் கிடக்கும் எண்பத்தொன்பது வயதுக் கிழவரின் நினைவுகளாய் விரிகின்றன. இன்று கறுப்பு வெள்ளையிலும், அன்று வண்ணத்திலும். நினைவுக்குத்தான் நிறம், நிகழ்காலத்துக்கு இல்லை.

இக்கதை சொல்லப்பட்ட முறையே பலருக்குச் சிக்கலாயிற்று. பாகனைப் பறிகொடுத்துப் போக்கிடம் அறியாமல் கலவரத் தெருவில் நிற்கும் யானை. மன்னர் மாளிகையின் தசராக் கொண்டாட்டத்தில், போதையேறிய ராமின் கைகளில் இருக்கும் மைதிலி ஒரு பெரிய துப்பாக்கியாய் மாறிப்போகும் காட்சி. போதாததற்கு வங்கமும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் உரையாடல். அந்த ஆண்டு திரையரங்குகளில் எழுந்த முணுமுணுப்பு நம் வாசகருள் மூத்தோருக்கு நினைவிருக்கும். காந்தியை இழிவுபடுத்துகிறது என்றார் ஒரு சாரார். காந்தியைக் கொன்றவர் பக்கத்து நியாயத்தை அழகுபடுத்துகிறது என்றார் இன்னொரு சாரார். இந்துக்களைக் கொச்சைப்படுத்துகிறது என்றும், இசுலாமியரைக் கொடியவராய்க் காட்டுகிறது என்றும் ஒரே படத்தைப் பற்றிச் சொன்னார்கள். சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாய் விவாதம் நடந்தது. அதுல் குல்கர்ணியின் நடிப்புக்கும், சரிகாவின் உடையமைப்புக்கும், தந்திரக் காட்சிகளுக்குமாக மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே ஆயிற்று. ஆயினும் வசூலில் அது தோல்வியே.

சங்கனும் பதுமனும் மறுபடி வந்துவிட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. உருவம் முழுவதும் தன் பக்கம் இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள்.

கனவைப்போல் தொடர்பற்ற உருவங்களால் உள்ளத்தின் ஆழத்தைக் காட்ட முயலும் கலைமுறைக்குச் சர்ரியலிசம் என்று பெயர். மீயதார்த்தம் என்று தமிழில் வழங்குவர். 1924இல் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் அதற்கு ஓர் அறிக்கை எழுதினார். அவ்வியக்கத்தார் பெரும்பாலும் இறைமறுப்பாளர், குருக்களைக் கண்டால் நகைப்பவர். அவர்களுள் லூயி புனுவெல் என்னும் இயக்குநர் நம் திருச்சபையைச் சாடியதுபோல் வேறு எவரும் திரையில் சாடியதில்லை. அப்படியிருந்தும், திரைப்படம் தோன்றி நூறாண்டு நிறைந்ததை ஒட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட நாற்பத்தைந்து சிறந்த படங்களின் பட்டியலில், குரு ஒருவரைப் பற்றி அவர் எடுத்த ‘நசாரின்’ இடம்பெற்றது. பொதுவுடைமையாளரும் கடவுள் நம்பிக்கையற்றவருமான பசோலினி எடுத்த ‘மத்தேயு நற்செய்தி’யும் (1964) அதில் உண்டு. அப்பட்டியலை வகுத்தவர்கள் இயக்குநர்களின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கவில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட ஏடும், தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாய் அறிய உதவக்கூடும் என்பதை ஒத்துக்கொண்டு, அறநெறி வரம்பையும் உடனே நினைவூட்டியது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். படித்தது மூளையில் இருந்தது, கைக்கு வரவில்லை.

எப்படி என்று சொல்லுகிறோம். 2000ஆம் ஆண்டில் நாம் குருப்பட்டம் பெற்று மூன்றாண்டுகள் நிறையாத உதவிப் பங்குத்தந்தை. இங்கல்ல, வேறோர் ஊரில். தவக்காலத்தின் முதல் ஞாயிறு, மார்ச் 12. அன்றுதான் உரோமையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் செய்த பாவங்களுக்காகப் பேதுரு பேராலயத்தில் வெளிப்படையாய் மன்னிப்பு வேண்டினார். யூபிலி ஆண்டின் மாபெரும் நிகழ்ச்சி அது. நாமோ அதே ஞாயிறு நம் மறையுரையில் ‘ஹே ராம்’ படத்தைக் கண்டித்துக்கொண்டிருந்தோம். படத்தை நாம் பார்க்கவில்லை. இடைவேளையோடு எழுந்து வந்துவிட்ட ஒருவர் சொன்னதும், ஏதோ ஓர் இதழில் படித்த அரைப்பக்கமும்தான் நம் ஆதாரம். படுக்கையறைக் காட்சி, இரத்தம், குழப்பம், பொருளற்ற கனவுகள், தவக்காலத்தில் கத்தோலிக்கர் பார்க்கத் தகாத படம் என்றெல்லாம் முழங்கினோம். திருப்பலி முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் கைகூப்பி, நல்ல பிரசங்கம் என்றார்கள். அது போதுமாயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, சக்ரீஸ்து வாசலில் ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். ஞாயிறு திருப்பலியில் எப்போதும் கடைசித் தூணருகே நின்றுவிட்டு, பேசாமல் போகிறவர். “அந்தப் படத்தப் பாத்தியளா சாமி?” என்று கேட்டார். இல்லை என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் ரெண்டு வாட்டி பாத்தேன். பொண்டாட்டி துப்பாக்கியா மாறுதால்லா, அதப் பாத்துக் கொட்டகைல எல்லாரும் சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல சாமி” என்றார். நாம் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றோம். “ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார். சிலுவைப்பாதைக்கு மணி அடித்துவிட்டது. பீடச்சிறுவர்கள் மெழுகுவர்த்தியோடு காத்திருந்தார்கள். “பிறகு பேசலாம் அண்ணாச்சி” என்றோம். சரி சாமி என்று போனார்.

அவர் வரவில்லை. நாமும் தேடிப் போகவில்லை. மே மாத மாற்றலில் வேறு பங்குக்குப் போய்விட்டோம். அந்த நாள்களில், தென்மாவட்டங்களில் 1990களின் நடுவில் நடந்த சாதிக் கலவரங்கள் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. அவர் என்ன கேட்க வந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஊகிக்கும் உரிமையும் நமக்கில்லை. ஒருவேளை, நடந்த குற்றம் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் அப்படத்தை முதன்முறை முழுவதும் பார்த்தோம். மனம் மாறிய ராம் காந்தியின் முன் நிற்கிறார். உள்ளே இருப்பதைச் சொல்லிவிட அவர் துடிக்கிறார். வழிபாட்டுக்கு நேரமாகிறது. வரலாற்றிலும் அன்று காந்தி, வல்லபபாய் பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததால் சில நிமிடங்கள் தாமதமாகவே வழிபாட்டு மேடை நோக்கி விரைந்தார். சொல்லவேண்டியது முழுதும் சொல்லப்படாமல், வேண்டிய மன்னிப்பு காதில் விழாமல், சுட்டது இன்னொருவன் கை. அதற்குப் பின் ராம் ஐம்பதாண்டுக் காலம் உயிர் வாழ்கிறார். அந்தக் காட்சியில் நாம் எழுந்து நின்றுவிட்டோம். சக்ரீஸ்து வாசல்தான் நம் கண்முன் இருந்தது.

நம் மறையியல் இங்கே தடுமாறவில்லை. கொல்லத் துணிந்து புறப்பட்டவன், கை நடுங்கித் திரும்பினாலும் வேறொருவன் முந்திக்கொண்டாலும், அவன் சித்தத்தில் நிகழ்ந்தது நிகழ்ந்ததே. அக்குவினா தோமையார் உள்ளத்துச் செயலையும் புறச்செயலையும் பிரித்துப் பேசுவது இதற்காகத்தான். அதுபோலவே அவன் மனம் வருந்தியதும் நிகழ்ந்ததே. கேட்க வேண்டியவர் இறந்ததால் மனத்துயர் செல்லாததாகிவிடாது. இவ்வளவும் சரி. ஆனால் இதை அறிந்திருப்பதால் ராமின் சுமை குறையவில்லையே. மனிதனுக்குத் தன் குற்றத்தை இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. கேட்டவரின் முகம் மாறுகிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. தம்மைப் பகுத்தறிவாளர் என்று எப்போதும் சொல்லிக்கொள்ளும் ஒருவர் எடுத்த படம் இந்தத் தேவையை இவ்வளவு துல்லியமாய் அறிந்திருப்பது நமக்கு வியப்பைத் தந்தது. காந்தியின் கண்ணாடியையும் செருப்பையும் ஒரு கிழவர் பூட்டிய அறையில் ஆயுள் முழுதும் வைத்துக்கொண்டிருக்கிறார். பதில் வராத ஒரு விண்ணப்பத்தின் நகலைப்போல.

இப்போது ‘புரியவில்லை’ என்னும் சொல்லுக்கு வருவோம். தாவீது அரசனிடம் நாத்தான் ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவன், அவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டி, அதைப் பறித்துக்கொண்ட செல்வன். பளிங்குபோல் தெளிந்த கதை, குழந்தைக்கும் விளங்கும். தாவீதுக்கும் விளங்கிற்று. சினங்கொண்டு தீர்ப்பும் சொல்லிவிட்டான். அந்தச் செல்வன் தானே என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. நாத்தான் வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது. சக்ரீஸ்து வாசலில் நின்றவர் நிலையோ இதற்கு நேர் எதிர். பெண் துப்பாக்கியாவதன் பொருளை எடுத்துச் சொல்லச் சொன்னால் அவரால் இயன்றிராது. ஆனால் கொட்டகையே சிரித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விளங்கிக்கொள்வது வேறு, அடையாளம் கண்டுகொள்வது வேறு. தெளிவான கதை முன்னதைத் தரும். பின்னதைத் தருமென்று உறுதி சொல்ல இயலாது. மீயதார்த்த உருவங்கள் செய்ய முயலுவது பின்னதை. வெறி ஏறிய உள்ளத்துக்கு, தழுவும் உடலும் ஆயுதமாகவே படுகிறது. காணும் யாவும் ஆயுதமாகவே படுகின்றன. இதை வசனத்தில் சொன்னால் நாம் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு மறந்திருப்போம்.

இதனால் இருட்டாயிருப்பதெல்லாம் ஆழம் என்று நாம் சொல்லவரவில்லை. கலங்கிய குட்டையும் அடி தெரியாததுதான். புரியாத படம் எதுவாயினும் கொண்டாடும் கூட்டமொன்று எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களுடைய ‘புரிந்தது’ பல வேளைகளில் இவர்களுடைய ‘புரியவில்லை’யைவிட நேர்மை குறைந்தது. நம் தறித்தொழிலாளி இளைஞர் ‘ஒண்ணும் புரியல’ என்றபோது அவர் குரலில் ஏக்கம் இருந்தது, அது கேள்வி. 2000இல் மேடையிலிருந்து நாம் ‘பொருளற்ற கனவுகள்’ என்றபோது அதில் ஏக்கம் இல்லை, அது பூட்டு.

மறைக்கல்வி ஆசிரியையின் சினத்தை மறந்துவிடவில்லை. அவர் சொன்னது இது: “முதல் பாதியில் ஒரு பொண்ணச் சிதைக்காங்க. அவ செத்தது எதுக்கு? அவ புருஷனுக்குக் கோபம் வரணும், அதுக்கு. ரெண்டாம் பாதியில இன்னொரு பொண்ணு துப்பாக்கி ஆகுதா. ரெண்டு எடத்துலயும் அவளுக்கு என்ன தோணுச்சுன்னு யாராவது கேட்டாங்களா ஃபாதர்?” இதற்கு நம்மிடம் விடையில்லை. படத்திடமும் இல்லை. உருவத்தின் உண்மை ராமின் உள்ளத்து உண்மையே ஆயினும், மைதிலிக்கு உள்ளம் என்று ஒன்று இருப்பதைப் படம் போதுமான அளவு நினைவில் வைக்கவில்லை. அன்று வந்திருந்தவருள் நம் இசுலாமிய நண்பர் ஒருவரும் இருந்தார். கல்கத்தாப் பகுதி ஓடிய நேரம் முழுதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அம்ஜத் மறுபடி வந்த பிறகே தலை நிமிர்ந்ததாகவும் மெல்லச் சொன்னார். வெறுப்பைக் கண்டிக்க வந்த படமே வெறுப்புக்கு முதலில் இவ்வளவு நேரம் கொடுக்கவேண்டுமா என்பது நியாயமான கேள்வி. இடைவேளையில் எழுந்து போனவர் அந்த வெறுப்பை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார் அல்லவா? நமக்குச் செய்தி சொன்னவரும் அப்படிப் போனவர்தாம். படுக்கையறைக் காட்சி தேவைக்கு மிஞ்சியது என்றே இன்றும் கருதுகிறோம். படமும் நீளம், ஒவ்வொரு சிறு பொருளின் அழகிலும் மயங்கி நின்றுவிடுகிறது. முதன்முறை வீடு கட்டுகிறவர் எல்லா மரத்திலும் சிற்பம் செதுக்கச் சொல்லுவதைப்போல.

ஆக, நல்ல படமா கெட்ட படமா என்று கேட்டவர்களுக்கு நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எவரெவர் எந்தெந்த இடத்தில் தரையைப் பார்த்தார், எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று கேட்டு, வாசலிலேயே நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்று சொன்னோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சொல்.

அடுத்த வியாழன் மாலை, தறித்தொழிலாளி இளைஞர் தனியாய் வந்தார். அந்த யானை வரும் இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். கூடத்து மின்விசிறி ஓடவில்லை. சன்னலைத் திறந்துவைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். தெருவில் யானை நிற்கிறது. பாகன் இல்லை. எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை போடுங்க ஃபாதர் என்றார். போட்டோம். ஏன் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரவு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருப்பீர்களா என்று கேட்டார். இருப்போம் என்றோம்.